வெள்ளேரிமேடு காலனி வீடுகளில் அடைக்கப்பட்ட காற்றுத் திறப்புகளைத் திறக்க வேண்டி

அனுப்புநர்
மு. பெஞ்சமின், எம்.எஸ்சி., பி.எட்.,
பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்),
தலைவர், பயனாளிகள் கண்காணிப்புக் குழு,
வெள்ளேரிமேடு காலனி,
உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: தொகுப்பு வீடுகள் – கூரையை ஒட்டிய காற்றுத் திறப்புகள் அடைக்கப்பட்டமை – உயிரிழப்பு – இரண்டாம் கட்ட வீடுகளுக்குத் தளம் போடும் முன் வரைபடத்தைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது கடிதம், நாள் 18.11.2024.
2. அதன்பேரில் கட்டுமானப் பிரிவு அளித்த அறிவுறுத்தல், நாள் 22.11.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட கடிதத்தை எழுதியவன் நான். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஓர் அளவும் பிழையில்லை. அந்தக் கடிதத்தின் மீது புகார் கூறவே இம்மனுவை அளிக்கிறேன்.

2. எங்கள் காலனியில் 1994-ஆம் ஆண்டு கட்டப்பட்ட வீடுகளின் கூரைத் தளங்கள் ஒன்பதாவது மழைக்காலத்தில் விழத் தொடங்கின. இடிபாடுகளில் கம்பிகளை எண்ணிப் பார்த்தபோதுதான், போட்டிருக்க வேண்டியதில் பாதியே இருந்தது தெரிந்தது. அந்த வீடுகளின் வரைபடத்தை எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கூலி வேலைக்குச் செல்லும் எங்கள் மக்களுக்கு, வரைபடத்திலிருந்து விலகுவது என்றால் ஏமாற்றப்படுவது என்றே பொருள். எனவே சென்ற ஆண்டு முதற்கட்டமாகப் பதினான்கு வீடுகளுக்கு ஆணை வந்தவுடன், வரைபடத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, லேமினேட் செய்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். நாள்தோறும் பள்ளி முடிந்ததும் அளவு நாடாவுடன் கட்டுமான இடத்துக்குச் சென்றேன்.

3. 16.11.2024 அன்று பதினான்கு வீடுகளிலும் தளத்துக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர்ச் சுவர்களில், முக்கால் அடி உயரமும் இரண்டடி அகலமும் கொண்ட திறப்புகள் விடப்பட்டிருப்பதைக் கண்டேன். வரைபடத்தில் அவை இல்லை. கொத்தனார் திரு. எல்லப்பன் எங்கள் காலனிக்காரர். அவரிடம் விளக்கம் கேட்டேன். அவர் கூறியதை அப்படியே பதிவு செய்கிறேன்: “இன்னா வாத்தியாரே, சூடு மேல ஏறி வெளிய போற வழி அது. அத்த அடச்சிட்டா வூடு இட்லிப் பானை மாரி ஆயிடும். உள்ள கீறவன் வெந்துடுவான்.” அவரது விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இன்று காற்றுக்காக விலகுபவர் நாளை கம்பியிலும் விலகலாம் என்று கருதினேன். இரண்டு நாள் கழித்துப் பார்வை ஒன்றில் கண்ட கடிதத்தை அனுப்பினேன். ஐந்தாவது நாளே அறிவுறுத்தல் வந்தது. எங்கள் காலனியின் எந்த மனுவுக்கும் இத்தனை விரைவாகப் பதில் வந்ததில்லை என்பதால் அன்று நான் பெருமையும் அடைந்தேன். திறப்புகள் அடைக்கப்பட்டன. அடைத்த செங்கற்களைச் சுண்டிப் பார்த்து, உறுதியாக உள்ளன என்று கையொப்பமிட்டவனும் நானே.

4. வரைபடத்தில் நான் கவனிக்கத் தவறியவையும் உண்டு. வீட்டுக்கு ஒரே சன்னல். எங்கள் மனைகள் அமைந்த வாக்கில் அது மேற்கு நோக்கி நின்று, பிற்பகல் வெயிலை நேரே உள்ளே வாங்குகிறது. தளத்தின் மேல் சுண்ணாம்புக் கலவையும் வெப்பம் தடுக்கும் தட்டோடும் பதிக்க வரைபடம் இடமளிக்கவில்லை; வெறும் காங்கிரீட் பகல் முழுவதும் காய்கிறது. மனையைச் சமன் செய்வதற்காக ஒன்பது மரங்கள், ஆறு புங்கமும் மூன்று வேம்பும், வெட்டப்பட்டன. வரைபடத்தில் மரம் எதுவும் குறிக்கப்படவில்லை என்பதால் அதையும் நான் ஆட்சேபிக்கவில்லை.

5. நான்காம் எண் வீடு என் தமக்கை திருமதி பாக்கியமேரிக்கு (வயது 57) ஒதுக்கப்பட்டது. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. நான் பட்டம் படித்து முடிக்கும் வரை நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்று என்னைப் படிக்க வைத்தவர். சென்ற ஏப்ரல் மாதம் வரப்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் படுக்கையில் இருந்தார். உத்திரமேரூரில் உள்ள என் வாடகை வீட்டுக்கு வருமாறு மூன்று முறை அழைத்தேன். முப்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டு வர மனமில்லை என்றார்.

6. கத்திரி தொடங்கியதும் காலனியில் உள்ளவர்கள் பதினொரு மணிக்கே வீடுகளை விட்டு வெளியேறி, பேருந்து நிழற்குடையிலும் ஏரிக்கரையில் எஞ்சியுள்ள ஒரு புங்க மரத்தடியிலும் பொழுதைக் கழித்து வந்தனர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்களும் பேருந்துக்கு நிற்பவர்கள் நடுவே, புடவையால் மறைத்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். எழுந்து நடக்க இயலாத என் தமக்கை மட்டுமே வீட்டில் இருந்தார். மின்விசிறி ஓடியது, அது கூரையின் சூட்டைக் கீழே தள்ளியது. 5.5.2025 அன்று நான் சென்றபோது, நான் கொடுத்த வரைபட நகலால் விசிறிக்கொண்டு படுத்திருந்தார். “இன்னா தம்பி, உன் பிளான்ல நல்லாத்தான் காத்து வருது. வூட்லதான் வரல” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு பானைத் தண்ணீரும் நனைத்த துணியும் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் விடைத்தாள் திருத்தும் பணி இருந்ததால் திரும்பிவிட்டேன்.

7. 7.5.2025 பிற்பகல் நான்கு மணிக்கு அண்டை வீட்டுத் திருமதி பரிமளா மோர் எடுத்துச் சென்றபோது என் தமக்கைக்கு நினைவில்லை. உடல் அனலாகக் கொதித்தது. வியர்வை துளியும் இல்லை. பானையில் தண்ணீர் இருந்தது. எட்டிய தூரத்தில்தான் இருந்தது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதப்பட்டுள்ளது. அதை நான் மறுக்கவில்லை. அந்த நெஞ்சு எந்த வீட்டுக்குள், எத்தனை டிகிரி வெப்பத்தில் நின்றது என்பதை எழுதச் சான்றிதழில் கட்டம் இல்லை.

8. காரியங்கள் முடிந்த பின், மே 12 முதல் 18 வரை ஏழு நாட்கள், பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி ஆய்வக வெப்பமானியால் அளவெடுத்தேன். என் தமக்கையின் வீட்டில் சராசரி 42 டிகிரி. ஏரிக்கரைப் புங்க மரத்தடியில் 36. ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் திரு. வேதகிரி யாரிடமும் சொல்லாமல் மார்ச் மாதமே அடைத்த செங்கற்களைப் பெயர்த்து எடுத்திருக்கிறார், அங்கு 38. அதே வரைபடம், அதே சிமென்ட், அதே வெயில். நடுவில் உள்ள நான்கு டிகிரி என் கடிதத்துடையது.

9. ஐயா, சூடான காற்று மேலெழும், அது வெளியேற வழி இருந்தால் குளிர்ந்த காற்று கீழே உள்ளே வரும் என்பதை இருபத்து மூன்று ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். கரும்பலகையில் வீடு ஒன்றை வரைந்து அம்புக்குறி போடுவேன். சுவரில் எல்லப்பன் செய்து வைத்திருந்த அதே பாடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பதும் நான் அவரை ஏற்காததற்கு ஒரு காரணம். இதை எழுத வெட்கப்படுகிறேன். விட்டுவிட்டால் மனு முழுமையாகாது.

10. இப்போது இரண்டாம் கட்டமாக இருபத்தாறு வீடுகளின் சுவர்கள் எழுந்துள்ளன. வரும் 16.6.2025 அன்று தளம் போடத் தொடங்குகிறார்கள். சென்ற வாரம் எல்லப்பன் மீண்டும் திறப்பு விட அனுமதி கேட்டதற்கு, பார்வை ஒன்றில் கண்ட என் கடிதத்தைக் காட்டிக் கட்டுமானப் பிரிவினர் மறுத்துள்ளனர். தமக்கையை அடக்கம் செய்தும் என் கடிதம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அந்த வீடுகளுக்கு வர இருப்பவர்களில் பக்கவாதம் வந்த முதியவர் ஒருவரும், கர்ப்பிணிகள் இருவரும் உள்ளனர். வெயில் வந்தால் இடம் மாறிக்கொள்ள அவர்களுக்கு வேறு அறை கிடையாது, குளிர்சாதனம் கிடையாது. தளத்தின் மேல் தண்ணீர் கொட்டித் தணிக்கலாம் என்றால், ஆழ்துளைக் கிணறு இப்போதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இறைக்கிறது. கட்டும்போதே வீடு தானாகக் குளிரும்படி அமைந்தால்தான் அவர்களுக்கு அது வீடு.

11. ஆகவே, (அ) பார்வை ஒன்றில் கண்ட என் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதன்பேரில் அளிக்கப்பட்ட அறிவுறுத்தலை ரத்து செய்ய வேண்டுகிறேன். (ஆ) இருபத்தாறு வீடுகளிலும் எதிரெதிர்த் திறப்புகளும், மேற்குச் சன்னலுக்கு மறைப்பும், தட்டோடு பதித்த தளமும் அமையுமாறு வரைபடத்தைத் திருத்த வேண்டுகிறேன். (இ) முதற்கட்ட வீடுகளில் அடைத்தவற்றைத் திறக்கவும், வெட்டிய ஒன்பது மரங்களுக்கு ஈடாகக் கன்றுகள் நட்டுக் காக்கவும் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

12. உத்தரவு இல்லாமலே திறப்பு விடுகிறேன் என்று எல்லப்பன் சொன்னார். தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்படி அவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். 14.6.2025 மாலைக்குள் உத்தரவு கிடைக்காவிட்டால், 15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருபத்தாறு வீடுகளின் சுவர்களிலும் உளி வைத்து நானே திறப்பு எடுப்பேன். என் வாழ்நாளில் விதியை மீறப்போவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது இதுவே முதல் முறை. அரசு ஊழியன் என்ற முறையில் இதற்குரிய நடவடிக்கையை அறிவேன். அதை என் மீது மட்டும் எடுக்க வேண்டும். கொத்தனார் மீதோ பயனாளிகள் மீதோ எடுக்கலாகாது என்று வேண்டி, கீழே என் முழுப் பெயரையும் பணி எண்ணையும் தருகிறேன்.

இடம்: வெள்ளேரிமேடு
நாள்: 2.6.2025

இப்படிக்கு,
(ஒப்பம்)
முனிரத்தினம் பெஞ்சமின்
பணி எண்: 4417

இணைப்புகள்: பார்வையில் கண்ட இரு கடிதங்களின் நகல்கள், ஏழு நாள் வெப்ப அளவீட்டுப் பட்டியல், இறப்புச் சான்றிதழ் நகல், இருபத்தாறு குடும்பத்தாரின் கையொப்பங்களும் கைநாட்டுகளும்.