பொடி மரை

மாப்பிள்ளை,

உன் நீலப் பெட்டி இப்போது என் பெஞ்ச் மேல் உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் உன் வீட்டுக்காரி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். "ஊட்டுல வெச்சு நான் என்னுங்ணா பண்றது, நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூடியைத் திறந்ததும் தையல் மிஷின் எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. பைக் ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடம் கிடந்த பெட்டி என்றால் கிரீஸ் நாற்றமல்லவா அடிக்க வேண்டும்? உன் பெட்டி தையல்கடை மாதிரி மணக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகியும் உன் சுத்தம் என்னை எரிச்சல்படுத்துகிறது.

உள்ளே பஞ்சு மெத்தை. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்தில் ஒரு குழி. மேக்னெட் கழற்றும் புல்லர் ஒரு குழியில், வால்வு ஸ்பிரிங் அமுக்கும் கிளாம்ப் ஒரு குழியில், கிளட்ச் பிடிக்கும் சாவி ஒரு குழியில். எல்லாம் கம்பெனி சரக்கு, முத்திரை போட்டது. திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் நாங்களெல்லாம் கை துடைப்போம். நீ அதே துணியில் புல்லருக்குத் துண்டு போர்த்திப் படுக்க வைத்திருக்கிறாய். பச்சைக் குழந்தையைக்கூட யாரும் இப்படிப் படுக்க வைத்து நான் பார்த்ததில்லை.

என் சாமான்கள் சுவரில் ஆணியில் தொங்குகின்றன, உனக்குத் தெரியும். பழைய கிளட்ச் பிளேட் இரண்டை ஒரு கம்பியில் வெல்டிங் வைத்தால் கிளட்ச் பிடிக்கும் சாவி ஆயிற்று. பவுடர் டப்பாவை வெட்டி வளைத்தால் பிஸ்டன் ரிங்கை அமுக்கி உள்ளே இறக்கலாம். லாரி போல்ட் ஒன்றை லேத்தில் கொடுத்துத் திருகு மரை போட்டால் மேக்னெட் புல்லர். தெருவுக்குத் தெரு லேத் ஓடுகிற கோயமுத்தூரில் பிறந்துவிட்டு, டூல்ஸை அட்டைப்பெட்டியில் பார்சல் வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? நான் உன்னிடமே சொல்லியிருக்கிறேன். "டேய், கையில்லாதவன்தான் கடையில வாங்குவான்" என்பேன். நீ புல்லரைத் துடைத்துக் குழியில் வைப்பாய்.

நமக்குள் ரத்த உறவு எதுவும் கிடையாது. ஒரே பம்பு கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தோம், ஒரே நாளில் நின்றோம், போத்தனூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சேர்ந்து கடை போட்டோம். நீ என்னை மச்சான் என்றாய், நான் உன்னை மாப்பிள்ளை என்றேன், அப்படியே ஒட்டிக்கொண்டது. உனக்கு டாக்டர் என்று பேர் வைத்ததும் நான்தான். கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு என்ஜின் பிரிக்கிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? கேலிக்கு வைத்த பேர் உனக்கு மரியாதைப் பேராகிவிட்டது. "டாக்டர் இருக்காருங்களா? அவரு வந்தா காட்டறனுங்க" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்போது நான் சுத்தியலோடு நின்றுகொண்டிருப்பேன்.

இப்போதெல்லாம் உன் ஜாதிக்காரர்கள் பெருகிவிட்டார்கள். சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, முப்பது சாமான் அடங்கிய பெட்டியை வரவழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்ஜினைப் பிரித்துப்போட்டுத் திங்கட்கிழமை கோணிப்பையில் என்னிடம் கொண்டுவருகிறார்கள். பெட்டி மட்டும் புதுசு மாதிரியே இருக்கும். அவர்களைப் பார்த்தால் சிரிப்பாவது வரும். உன்னைப் பார்த்து என்னால் சிரிக்க முடிந்ததில்லை. உனக்குக் கையும் இருந்தது, பெட்டியும் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சென்னிமலைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பெட்ஷீட் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அவருடைய புது வண்டியில் மேக்னெட்டுக்குப் பின்னாலிருக்கும் சீல் வழியாக ஆயில் கசிந்தது. புல்லரை மேக்னெட்டின் உள்மரையில் ஏற்றி, நடு போல்ட்டை முறுக்கி மேக்னெட்டைக் கழற்றி, சீல் மாற்ற வேண்டும், அரை மணி நேர வேலை. அன்றைக்கு நீ தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். சட்டை மாற்றிக்கொண்டே சொன்னாய்: "இது பொடி மரை மச்சா. என்ற புல்லர எடுத்துக்க. கையிலயே கடைசி வரைக்கும் எறங்கோணும். ஸ்பேனர் கேட்டுச்சுன்னா அது அந்த மரை இல்ல."

எனக்கா மரை சொல்லித்தருகிறாய் என்று கோபம் உச்சிக்கு ஏறியது. நீ பஸ் ஏறியதும் ஆணியிலிருந்து என் லாரி போல்ட் புல்லரை எடுத்தேன். பழைய வண்டிகளுக்கெல்லாம் பத்து வருடமாக மேக்னெட் கழற்றிக் கொடுத்த புல்லர் அது. பழைய வண்டியின் மரை கொஞ்சம் பெரிசு, இந்தப் புது வண்டியின் மரை பொடிசு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு சுற்று கையிலேயே இறங்கியது. அப்புறம் இறுகியது. 'ஆகா, என்ன பிடி!' என்று நினைத்தேன். ஸ்பேனர் போட்டு இன்னும் இரண்டு சுற்று ஏற்றினேன். நடு போல்ட்டை முறுக்கினதும் படக்கென்று மேக்னெட்டின் மரையைச் சீவிக்கொண்டு புல்லர் வெளியே வந்து விழுந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் சுத்தியலை எடுத்தேன். மேக்னெட் உட்கார்ந்திருக்கும் கிராங்க் முனை காளான் மாதிரி விரிந்துபோனது. அடித்த அடியில் கிராங்கே கோணிவிட்டது. அரை மணி நேர வேலைக்கு வந்த வண்டி, முழு என்ஜினையும் பிரிக்க வேண்டிய வண்டியாக ஸ்டாண்டில் நின்றது.

சாயங்காலம் சென்னிமலைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க, யாருங்க இதப் பிரிச்சது?" என்றார். என் வாய் யோசிக்கவே இல்லை. "மாப்ளைங்க. காலைல பிரிச்சுப்போட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனானுங்க. அந்தக் கம்பெனி டூலு வழுக்கிப்போடுச்சுங்க." சொன்னதோடு விட்டேனா? "நான் அப்பவே சொன்னனுங்க, கடைல வாங்கற டூல நம்பாதீன்னு" என்று ஒரு வாலும் சேர்த்தேன்.

அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே நீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாய், நெற்றியில் சந்தனம் கலையாமல். எல்லாத் திட்டையும் நின்று கேட்டாய். பிறகு மேக்னெட்டைக் கையில் எடுத்து, உள்மரையில் விரலை விட்டுத் தடவினாய். ஆணியில் தொங்கிய என் புல்லரைப் பார்த்தாய். அதன் மரையில் பளபளவென்று இரும்புச் சீவல் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்து மாட்டும் பழக்கம் எனக்கு ஏது? என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்காத குரலில், "கையிலயே எறங்குச்சா மச்சா?" என்றாய்.

"எறங்குச்சு" என்றேன்.

"அப்பச் செரி." அவ்வளவுதான் சொன்னாய். அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "எம்மேலதான் தப்புங்க. வண்டிய முழுசாச் செரி பண்ணித் தந்துபோடறனுங்க" என்றாய்.

தந்தாய். ஆனால் பேர் திரும்பி வரவில்லை. சென்னிமலைக்காரர் ஊர் ஊராகப் பெட்ஷீட்டோடு அந்தக் கதையையும் விற்றார். டாக்டர் என்பது போஸ்ட்மார்ட்டம் டாக்டர் ஆயிற்று. "போஸ்ட்மார்ட்டத்துகிட்டக் குடுத்துறாதீங்க" என்று சொல்லி என் கையில் வண்டிச் சாவி கொடுத்தார்கள், சுத்தியலைத் தவிர ஒன்றும் தெரியாத என் கையில். நீ பக்கத்தில் ரப்பர் உறையோடு கார்பரேட்டர் கழுவிக்கொண்டிருப்பாய். நான் சாவியை வாங்கிக்கொள்வேன். ஒரு நாளாவது வாயைத் திறந்தேனா? நீயும் கேட்கவில்லை. உன் பெருந்தன்மையை நான் வெறுத்தேன், மாப்பிள்ளை. ஒரு அறை விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். உத்தமன் மாதிரி பொறுத்துக்கொண்டு என்னைப் புழுவாக்குகிறாய் என்று உன் மேலேயே கோபப்பட்டேன். என் மாதிரி ஆளுக்குக் கோபப்படுவதற்குக்கூட அடுத்தவன் வேண்டும்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று, மயானத்துக்கு வெளியே ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர், "நல்ல மனுசன். அந்தக் கிராங்க் கேஸ்தான்..." என்று ஆரம்பித்தார். "போஸ்ட்மார்ட்டம்" என்றான் இன்னொருவன். நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உன் உடம்பு இன்னும் உள்ளே இருந்தது. அங்கேயும் நான் கம்மென்றுதான் நின்றேன். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது தீர்மானித்தேன், உன் பேரையாவது கழுவிவிட வேண்டும் என்று.

அதற்கும் மூன்று மாதம் ஆயிற்று. இந்தச் செவ்வாய்க்கிழமை சென்னிமலைக்காரரே வந்தார், செயின் மாற்ற. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "பாவமுங்க. ஆனா உள்ளதச் சொல்லோணுமில்லீங்க, அவரு கையி ஆகாதுங்க" என்றார்.

"அது நானுங்க" என்றேன். "அன்னிக்கு உங்க கிராங்க ஒடச்சது நானு. என்ற புல்லரு. மரை தப்பு. அவன் அன்னிக்கு வண்டியத் தொடவே இல்லீங்க." எத்தனை வருடத்துப் பொய்!

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "போச்சாது உடுங்க. போன மனுசனுக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க தலைல போட்டுக்கறீங்க பாருங்க... யாருக்குங்க வரும் இந்த மனசு?" என்றார்.

"இல்லீங்க, நெசமாலுமே நானுதானுங்க."

"செரிங்க, செரிங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போகிற வழியில் டீக்கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் தனி மரியாதையோடு டம்ளரை நீட்டினார். உன் பேரைக் கழுவப் போனேன், என் பேர் வெளுத்துக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் பொய் சொன்னேன், ஊரே நம்பியது. ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், ஒரு ஆள் நம்பவில்லை. இந்த ஊரை நினைத்தாலும் கேவலமாக இருக்கிறது, என்னை நினைத்தாலும் கேவலமாக இருக்கிறது.

நேற்று உன் வீட்டுக்காரி போன் செய்தாள். டீக்கடைப் பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது. அவளும் நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். முந்திக்கொண்டேன். "தங்கச்சி, அவனுக்காகச் சொல்லலீம்மா. அது நானுதான்" என்றேன்.

"தெரியுமுங்ணா" என்றாள். "அன்னிக்கே சொல்லிப்போட்டாரு."

இத்தனை வருடம் என் தட்டில் அவள் சோறு போட்டிருக்கிறாள், தெரிந்தே.

"என்னம்மா சொன்னான்?"

"வேண்டாமுங்ணா."

"சொல்லு."

"சோத்துத் தட்ட முன்னால வெச்சுக்கிட்டு ஒரே சிரிப்புங்ணா. 'மச்சானுக்குப் பொடி மரையும் தெரியல, பொய் சொல்லவும் தெரியல, சீவல மரைலயே உட்டுப்போட்டு எறங்குச்சுங்கறான்'னு. பொரை ஏற ஏறச் சிரிச்சாரு. தப்பா நெனச்சுக்காதீங்ணா."

தப்பாக நினைக்கவில்லை, மாப்பிள்ளை. நீ உத்தமன் என்று நினைத்து இத்தனை காலம் புழுங்கினேன். நீ என்னை மன்னிக்கவும் இல்லை, பொறுத்துக்கொள்ளவும் இல்லை, தலை முதல் கால் வரை மட்டமாக எடைபோட்டு, சிரித்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். போனை வைத்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு உனக்காக அழுதேன்.

கிராங்க் பேச்சை எடுக்கிறவரிடமெல்லாம் இனியும் சொல்லத்தான் போகிறேன். ஒருவரும் நம்பமாட்டார்கள், பெரிய மனசு என்பார்கள். அப்படிச் சொல்லி அவர்கள் என் கையைப் பிடிக்கும்போதெல்லாம், உனக்குப் புரை ஏறுவது எனக்குக் கேட்கும்.