இஞ்சின் பெட்டியின் மூடி

அன்று வள்ளத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சுக்கானில் நீங்கள். முன்பக்கம், அணியத்தில், பூத்தட்டோடு நான். என் மடியில் சாய்ந்தபடி நம் மகள் றெஜினா. இஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் என் தம்பி மரியநாயகம். பெட்டியின் மூடிமேல் அந்தோனியார் சுரூபம். ஒருவரையும் நான் விடவில்லை.

இன்று காலை பெற்றோல் மணத்தோடு எல்லாரும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். மயிலிட்டியை விட்டு இப்போது சண்டிலிப்பாயில் றெஜினா வீட்டில் இருக்கிறேன். மருமகன் வெங்காயத்துக்கு இறைக்கும் மெசினும் நம் வள்ளத்து இஞ்சின் மாதிரித்தான். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்.

நீங்கள் ஒருநாளும் வள்ளத்துக்குள் வைத்துப் பெற்றோல் ஊற்றியதில்லை. தாங்கியைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்துதான் நிரப்புவீர்கள். குழாய்ப் பூட்டுகளைத் தடவி விரலை மணந்து பார்ப்பீர்கள். பிறகு பெட்டி மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பத்து அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடியும்வரை சாவியைத் தொடமாட்டீர்கள். "பெற்றோல் ஆவி மேலை போகாது. கள்ளன் மாதிரி வள்ளத்தின்ரை அடியிலை படுத்திருக்கும்," என்பீர்கள்.

திருநாளன்று சுரூபத்தைக் கடல்வழி கொண்டுபோக நம் வள்ளத்தைக் கேட்டார்கள். திருநாளுக்கு மரியநாயகம்தான் தலைவர். பெட்டியை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டி, மேலே சுரூபத்தை வைத்துவிட்டான்.

"மச்சான், ஒருக்கா இறக்கு. மூடியைத் திறக்கவேணும்."

"மந்திரிச்சு ஏத்தின சுரூபத்தை இறக்கக்கூடாது அத்தான். அந்தோனியார் இருக்கேக்கை என்ன பயம்?"

"அந்தோனியார் துலைஞ்ச சாமானைத் தேடித் தருவார். உந்த இஞ்சினை ஓட்டுறது நானெல்லோ."

"உங்களுக்கு விசுவாசம் காணாது," என்று கரைக்குக் கேட்கும்படி சொன்னான். கரையில் நின்ற சனம் சிரித்தது. பாய் விரிக்கக் காற்றில்லை. பாட்டும் தொடங்கிவிட்டது. அப்போது நான்தான் சொன்னேன்: "இஞ்சாருங்கோ, சனம் பாத்துக்கொண்டு நிக்குது. ஒருநாளைக்குத்தானே, வள்ளத்தை எடுங்கோ."

என்னைப் பார்த்தீர்கள். சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தீர்கள். சாவியைத் திருகினீர்கள்.

மூடி பறந்தது. தீக்குள்ளே நின்று றெஜினாவையும் என்னையும் கடலில் தள்ளினீர்கள். மரியநாயகத்தைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அவன் ஏற்கெனவே குதித்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நான் சொன்ன சொல்லுக்காக உங்கள் கட்டிலடியில் அழுதேன். "அழாதையும். சாவி என்ரை கையிலைதானே இருந்தது," என்றீர்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நீங்கள் கதைக்கவில்லை.

உங்கள் செத்தவீட்டில் மரியநாயகம் கதைத்தான். "அத்தான் மூடியைத் திறக்க மறந்திட்டார்," என்றான். விசாரணையிலும் அதையே சொன்னான். நான் நடந்ததைச் சொன்னபோது, புருசனைப் பறிகொடுத்தவள் பிதற்றுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். ஊரில் உங்களுக்கு இன்றைக்கும் மறதிக்காரன் என்றுதான் பெயர். உங்களுக்கா மறதி?

போன கிழமை அவன் படுக்கையில் விழுந்துவிட்டான் என்று ஆள் வந்தது. "பாவம் மாமா, ஒருக்கா போய்ப் பாருங்கோ அம்மா," என்றாள் றெஜினா. "அத்தான் மறக்கேல்லை, நான்தான் திறக்க விடேல்லை எண்டு கோயில் சனத்துக்கு முன்னாலை சொல்லட்டும், வாறன்," என்று சொல்லி அனுப்பினேன். "பழசைக் கிண்டாதை அக்கா," என்று பதில் வந்தது.

இன்று காலையும் மருமகன் மெசின் கொட்டில் கதவை அகலத் திறந்துவிட்டு, இழுகயிற்றைப் பிடித்தபடி காத்துநின்றார். அவர் சைவக்காரர், நம் சமயம் இல்லை. ஆனாலும் நான் பத்துச் செபமும் சொல்லி முடிக்கும்வரை இழுக்கமாட்டார். "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக" என்ற இடம் பத்துத் தரம் வரும். அந்த "எங்களுக்காக" என்பதில் என்னைச் சேர்க்கிறேன். கரையில் நின்று சிரித்த சனத்தையும் சேர்க்கிறேன். சேர்க்காத ஆள் ஒருவன்தான். என் கூடப்பிறந்த மரியநாயகம்.