புத்தகத்தின் பின்பாதி

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் உமது தைலம் மணத்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இங்கே எல்லாத் துணியும் ஈர வாடைதான். அதற்கு நடுவில் இந்த மணம் மட்டும் தனியாகத் தெரிந்தது. சேலைகளுக்கு அடியில் கையை விட்டு எடுத்தேன். அட்டை இல்லாத, முதுகு கீறப்பட்ட அரைப் புத்தகம். நீரும் நானும் பங்கு போட்டுக்கொண்ட கடைசிப் புத்தகத்தின் பின்பாதி.

உமது முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தபோது, உமது மகள் ஷெரின் இதை ஒரு கடதாசிப் பையில் போட்டுத் தந்தாள்.

"ஆஸ்பத்திரியில அம்மாட தலகணிக்குக் கீழ இருந்தது அன்ரி. உங்கடதும்தானே?"

ஓம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த கையோடு சேலைக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு நான் எதையுமே வாசிக்கவில்லை. காலையில் வாசலில் விழும் பத்திரிகையை மரக்கறி நறுக்குவதற்கு விரிப்பேன், அவ்வளவுதான். வீடு வீடாக ஏறி இறங்கி ஊராருடைய வாசிப்பை விசாரித்தவள் நான். யாராவது என் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால், "வாசிப்பதில்லை" என்ற பெட்டிக்குள் எனக்கே நான் புள்ளடி போட்டிருக்க வேண்டும். நீர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்.

எங்கள் கந்தோரில் நாங்கள் கேட்காத கேள்வி இல்லை. எந்தச் சவர்க்காரம், எந்தப் பால்மா, பற்பசையை நுனியில் அமத்துவீர்களா நடுவில் அமத்துவீர்களா. சந்தை ஆய்வு என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது. வெயிலில் படியேறுவதுதான் வேலை. நீர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். துறைமுகத்துச் சனம் முழுக்க உமக்குச் சொந்தம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒதுங்கியவள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியவே எனக்கு வருசக்கணக்காயிற்று. எங்கள் இரண்டு பேரையும் ஒரே குழுவில் போட்டவருக்கு நான் இன்னமும் நன்றி சொல்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது சிங்களம் தெரிந்த ஒருவரும் கணக்குத் தெரிந்த ஒருவரும் மட்டுந்தான்.

புறக்கோட்டை நடைபாதையில் பழைய புத்தகம் ஒன்றை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கினோமே, அன்றைக்குத்தான் இந்தக் கூத்து தொடங்கியது. யார் முதலில் வாசிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வழக்கு. கந்தோருக்கு வந்ததும் நீர் மேசை லாச்சிக்குள் இருந்து பிளேட்டை எடுத்து, அதன் முதுகை நடுவில் கீறி, இரண்டாகப் பிரித்துவிட்டீர். கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். 

"என்னப்பா இது? சரஸ்வதிக்குப் பொறுக்காது."

"ரெண்டு பேர் வாசிச்சா அவவுக்கு ரெட்டிப்புச் சந்தோசம். இந்தாரும், முன்பாதி. முடிச்சதும் அதை எனக்குத் தந்துபோட்டுப் பின்பாதியை எடும்."

அப்படியே அது வழக்கமாகிவிட்டது. முன்பாதியை ஒருவர் முடித்து மற்றவரிடம் கொடுப்பது, முடித்தவர் பின்பாதியோடு முன்னால் போவது. முன்னால் போனவர் வாய் திறக்கக்கூடாது. ஒவ்வொரு பின்னேரமும் ஃபோன் எடுத்து நீர் கேட்கிற முதல் கேள்வி, "எங்க நிக்கிறீர்?" நான் பக்கத்தைச் சொல்லவேண்டும். நேற்றைய பக்கத்தையே திரும்பச் சொல்ல வெட்கப்பட்டே நான் வாசித்த நாட்கள் உண்டு. ஒரு சரஸ்வதி பூசைக்கு வீட்டுப் புத்தகங்களோடு என்னிடமிருந்த பாதியையும் படத்துக்கு முன்னால் வைக்கப்போகிறேன் என்றபோது, "அதை வைச்சுப்போடாதேயும், பிறகு தொடேலாதே. இன்னும் முடியேல்ல," என்று பதறினீர். பூசைச் சட்டமெல்லாம் உமக்கு அத்துப்படி.

பிறகு வந்ததுதான் அந்த ஆய்வு. கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் வாசிப்புப் பழக்கம், அதைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று வினாக்கொத்தின் தலையில் பெரிதாக எழுதியிருந்தது. படிப்பு, வருமானம், வீட்டில் உள்ள புத்தகங்கள், தொலைக்காட்சி பார்க்கும் நேரம் என்று வரிசையாகக் கட்டங்கள். முதற் கேள்வி, "நீங்கள் வாசிப்பீர்களா?" இல்லை என்றால் நன்றி சொல்லி எழும்பிவிட வேண்டும். சவர்க்காரக் கேள்வியைப் போலத்தான் இதையும் அமைத்திருந்தார்கள். பாவிக்காதவரிடம் பிராண்ட் கேட்டுப் பயனில்லை என்ற நியாயம். அது பிழை என்று எனக்கும் தோன்றவில்லை.

வெள்ளவத்தையில் நாங்கள் முதலில் போன வீட்டு ஐயாவை நினைவிருக்கிறதா? முன்னறையில் சுவருக்குச் சுவர் கண்ணாடி அலுமாரி. "எல்லாம் எங்கட அப்பா சேர்த்தது, லொறியில கொண்டு வந்தனாங்கள்," என்றார். வாசிப்பீர்களா என்றதற்கு, கேட்கவேண்டுமா என்பதுபோல் கையை விரித்துக் காட்டினார். ஒன்றைப் பார்க்கலாமா என்று நீர் பணிவாகக் கேட்டீர். அவர் எழும்பி அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடினார். மேசையில் தேடினார், சாமிப் படத்துக்குப் பின்னால் தேடினார். கடைசியில் குசினியிலிருந்து அவர் மனைவி சொன்னா, "அது வீடு மாறேக்குள்ளயே துலைஞ்சு போச்செல்லே?" வினாக்கொத்தின்படி அவர் முதல்தர வாசகர். படியிறங்கும்போது நீர் என் காதில் சொன்னீர்: "அலுமாரிதான் வாசிக்குது, மனுசன் காவலுக்கு இருக்கிறார்."

அந்தக் கிழமையே கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் அந்த அக்காவின் வீடு. புருசன் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்ட்டில் வேலை. வாசலிலேயே சொல்லிவிட்டா.

"எங்கட வீட்டில ஒருத்தரும் வாசிக்கிறேல்ல மிஸ். அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

நான் நன்றி சொல்லிக் கோப்பை மூடினேன். நீர் மட்டும் கதிரையில் இன்னும் வசதியாகச் சாய்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டீர். அவ உள்ளே போனதும் அறைக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "மகள், மிச்சத்தையும் வாசியன். எத்தின மணிக்காம் அடக்கம்?"

தண்ணீரோடு வந்தவவிடம் நீர் கதை கொடுத்தீர். தினமும் மாமிக்கு மரண அறிவித்தல் முழுக்க வாசித்துக் காட்டுகிறாவாம். மாமிக்குத் தெரிந்தவர்கள் என்றால் பழங்கதையும் சேர்ந்து வருமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைத் தொடர்கதை. அதற்கு மேல்மாடியிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கி வருவார்களாம். பிறகு அந்தக் கதையில் வருகிற புருசனைத் திட்டுவதிலேயே மத்தியானம் போய்விடுமாம்.

"அப்ப இது வாசிப்பு இல்லையா அக்கா?" என்றீர்.

"இது மாமிக்குச் சொல்றதுதானே மிஸ். வாசிக்கிறது எண்டா அது படிச்ச ஆக்கள்."

வெளியே வந்ததும், எதிரே நகரப்போன ஓட்டோவை, "மல்லி, பொட்டக் இன்ன," என்று சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி நிற்பாட்டிவிட்டு, நடுத்தெருவில் என்னோடு சண்டை பிடித்தீர்.

"அந்த அக்காவ 'இல்லை'யில போடப்போறீரோ?"

"அவ இல்லையெண்டுதானே சொன்னவ."

"அவ பயத்தில சொன்னவ. சோதினை வைக்க வந்த ஆக்கள் மாதிரியெல்லே போய் இருந்தனாங்கள். வாசிப்பீங்களா எண்டு கேட்டா ஆர் உண்மை சொல்லுவினம்? ஆருக்கு வாசிச்சுச் சொன்னனீங்கள் எண்டு கேளும்."

அதை வினாக்கொத்தில் சேர்க்க நீர் கந்தோரில் பட்ட பாடு எனக்குத் தெரியும். "சவர்க்காரம் பாவிக்கிறவையிட்ட, ஆருக்குக் குளிச்சுக் காட்டினீங்கள் எண்டு கேட்கிறமா?" என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நீர் சிரிக்கவில்லை. "சவர்க்காரம் தனியாப் பாவிக்கலாம் சேர்," என்றீர். கடைசிப் பக்கத்தின் அடியில், இல்லை என்றவரிடமும் கேட்கும்படி, ஒரு வரிக்கு இடம் கிடைத்தது. கடைசியாக வாசித்ததை யாருக்குச் சொன்னீர்கள்?

அந்த ஒரு வரிதான் எங்கள் ஆய்வைக் காப்பாற்றியது. மகனுக்கு, கடைக்காரருக்கு, கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு ஃபோனில், கோயில் வாசலில் சந்திக்கிற சிநேகிதிக்கு என்று ஒரு ஆளின் பெயர் வந்த வீடுகளிலெல்லாம் மற்றக் கட்டங்களும் நிரம்பின. அந்த வரி வெறுமையாய்க் கிடந்த வீடுகளில், படிப்பும் பணமும் அலுமாரியும் இருந்தாலும், தூசிதான் இருந்தது. கிருலப்பனையில் ஒரு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டா. அவர் போன பிறகு ஒருத்தருக்கும் இல்லை என்றா. அந்தப் படிவத்தில் நான் எதையும் எழுதாமல் உம்மைப் பார்த்தேன். நீர் பேனையை மூடி வைத்துவிட்டு, அவர் என்ன மாதிரிக் கதைகள் விரும்புவார் என்று கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தீர்.

உமக்கும் ஒரு குறை இருந்தது. ஷெரின் தமிழை ஆற்றொழுக்காய்க் கதைப்பாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. நல்ல வேலை கிடைக்கவேண்டும் என்று ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பியது நீர்தான். அது பிழையில்லை, இன்றைக்கு அவள் நன்றாக இருக்கிறாள். ஆனாலும் ஒருநாள் பஸ்ஸில், யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னீர். "கொழும்பு முழுக்கக் கேட்டுத் திரிஞ்சன். என்ர வீட்டில அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயம்." உமது கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தக் கடைசிப் புத்தகமும் நடைபாதையில் வாங்கியதுதான். அட்டை இல்லை, எழுதியவர் யாரென்றும் தெரியவில்லை. கப்பலில் வேலைக்குப் போன தகப்பன் திரும்பி வருவானா என்று ஒரு குடும்பம் காத்திருக்கிற கதை. நீர் கீறிய இடம் ஒரு வசனத்தின் நடுப்பகுதி. இரவில் கதவு தட்டப்படுகிறது. தாய் விளக்கோடு போகிறாள். "கதவைத் திறந்தபோது அங்கே நின்றது" என்பதோடு முன்பாதி முடிந்துவிட்டது. நான் அங்கே வந்து சேர்ந்த கிழமைதான் உம்மை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கெஞ்சினேன். "சொல்லுமப்பா, கதவில ஆர் நிண்டது?"

நெஞ்சைப் பொத்திக்கொண்டு சிரித்தீர். சிரித்தால் இருமல் வருகிறது என்று தாதி ஏசினா. "நான் முடிச்சிட்டன். சொல்லமாட்டன். நாளைக்குக் கொண்டு போய் வாசிச்சுப்போட்டு வாரும், பிறகு கதைப்பம்," என்றீர்.

அந்த 'நாளை' வரவேயில்லை. பூசையும் முடிந்து, பாதிப் புத்தகம் என் அலுமாரிக்குள் வந்தது. ஏன் அதைத் திறக்கவில்லை என்று இப்போது சொல்லுகிறேன். வாசிக்காமல் இருக்கும்வரை நீர் எனக்காகக் காத்திருக்கிறீர் என்றே இருந்தது. வாசித்து முடித்துவிட்டால் இனிப் பின்னேரம் ஃபோன் வராது என்பது உறுதியாகிவிடும். கிருலப்பனை அம்மாவின் வெறும் வரிக்குள் நானும் போய்விடுவேன். அதற்குத்தான் பயந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷெரின் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேட்டாள்.

"அன்ரி, அம்மா கடைசிக் கிழமை அந்தப் புத்தகத்தப் பாத்துப் பாத்துச் சிரிச்சவ. அப்பிடி என்ன அதில?"

"எனக்கும் தெரியாது பிள்ளை. நான் இன்னும் வாசிக்கேல்ல."

அவள் கட்லட் தட்டைத் தள்ளி வைத்தாள். "எனக்கு வாசிக்க ஏலாது, தெரியும்தானே. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. அம்மா என்னத்துக்குச் சிரிச்சவ எண்டு எனக்குத் தெரியோணும்."

என் கண் நிறைந்துவிட்டது. நீர் கேட்கப் பயந்த கேள்விக்கு அவள் வேறு பக்கத்தால் வந்து பதில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கிழமை முழுக்க அந்த நினைப்போடேயே திரிந்தேன். இன்று காலை அலுமாரியைத் திறந்தது அதற்காகத்தான்.

யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பின்பாதியின் முதல் வரியை வாசித்தேன். கதவைத் திறந்தபோது அங்கே நின்றது, தேங்காய் திருவலை இரவல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி. இவ்வளவு மாதமும் நான் நெஞ்சிடியோடு பயந்திருந்த கதவில், ஒரு திருவலைக்காரி! தனிய இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். நெஞ்சைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உமது சிரிப்புக்கு இவ்வளவு பிந்திப் பங்காளியானேன்.

எனக்கு நீர் வாசிக்கக் கற்றுத்தரவில்லை, அது எனக்கு முன்னமே வரும். வாசித்ததைக் கேட்க ஒருத்தர் வேண்டும் என்று காட்டித்தந்தீர். எத்தனையோ பின்னேரங்களில் நீரே அந்த ஒருத்தராக இருந்தீர். அதற்கு நன்றி. போகும்போது அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் போகாததற்கும் நன்றி.

பின்னேரம் ஃபோன் அடித்தது. ஷெரின்தான். சுகம் விசாரிக்கவில்லை.

"எங்க நிக்கிறீங்க அன்ரி?"

பக்கத்தைச் சொன்னேன். கதவில் நின்றவளைப் பற்றிச் சொன்னேன். ஃபோனின் மறுமுனையில் உமது சிரிப்பு அப்படியே கேட்டது. சிரித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்.

"பிறகு?"

"பொறு பிள்ளை," என்றேன். "நாளைக்குச் சொல்றன். இன்னும் வாசிக்கோணும்."