சுடாத உடம்புக்குள் கிருமி

கோயமுத்தூர்
12.3.1996

ஏனுங்க, நீங்களும் மாடுகளும் சுகந்தானுங்களா?

பேத்தி கீதாவுக்கு எட்டாம் மாதமே வலி வந்துவிட்டது. பயப்படாதீர்கள், தாயும் பெண்குழந்தையும் நலம்.

"எட்டாம் மாசப் புள்ள தங்காது, வலிய நிறுத்து!" என்று டாக்டரம்மாவைக் கண்டபடி திட்டினேன். கீதாவுக்குக் காய்ச்சலே இல்லை. ஆனாலும் டாக்டரம்மா வயிற்றுக்குள் குழந்தையைச் சுற்றியிருக்கும் தண்ணீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார்.

"உள்ள கிருமி இருக்குதுங்க பாட்டி. வலிய நிறுத்துனா ரெண்டு உசுருக்கும் ஆபத்துங்க" என்று சொல்லி, மருந்து ஏற்றிப் பிரசவம் பார்த்தார். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் காலை உதைக்கிறாள்.

உங்கள் அக்கா தெய்வாத்தாள் நம் கல்யாணப் பந்தியில் சொன்ன சொல்லையே நான் இன்னும் மன்னிக்கவில்லை. டாக்டரம்மாவோ நான் திட்டிய மறுநாளே, "சாப்புட்டீங்களா?" என்று கேட்கிறார்.

குழந்தைக்குப் பழைய வேட்டி இரண்டு வேண்டும். டாக்டரம்மாவுக்கு நெய்யும் வேண்டும். நீங்களே கொண்டு வாருங்கள். தனியாகப் போய் மன்னிப்புக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மயிலாத்தாள்