போனதும் வராததும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. உன் மாமாவுக்கு இந்த மாதமும் இரவு ஷிப்ட். பகலில் அவர் தூங்குவதால் வீட்டில் நாங்கள் பூனை மாதிரி நடக்கிறோம். பெரியவளுக்குப் பரீட்சை. சின்னவன் விழுந்த பல்லை எங்கோ தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறான். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, அசதிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மிச்சம் அங்கேயேதான் இருக்கும்.

"வீட்டு மானத்தை வித்துத்தான் நீ பேர் வாங்கணுமா?" என்று, நான் கதை எழுதுவதைச் சொன்னபோது கேட்டாய். அதையே நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அச்சகத்தில் பகல் முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறேன். வீட்டுக்கு வந்து அடுப்பு, பாத்திரம், துணி. அதற்குப் பிறகும் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒன்றை எதற்காக எழுதுகிறேன்? பேருக்காக என்றால் சிரிப்புதான் வருகிறது. நான் எழுதுவேன் என்று எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்தால், தண்ணீர் வராததற்கு ஒரு மனு எழுதித் தரச் சொல்லுவாள். அவ்வளவுதான் என் பேர்.

அந்தக் கதை அம்மாவைப் பற்றியதுதான். மறைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு ஒருத்தி மத்தியானம் வீட்டை விட்டுப் போகிறாள். பத்திரிகை ஆசிரியர் படித்துவிட்டு, நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அவள் ஏன் போகிறாள் என்பதே இல்லையே, அது இல்லாமல் கதை நிற்காது என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரு காரணம் வேண்டுமே என்று புருஷனைக் குடிகாரனாக்கினேன். அப்பா ஒரு நாளும் யார்மேலும் கை ஓங்காதவர். எழுத எழுதக் கை கூசியது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு தையல்காரனைக் கொண்டுவந்தேன். அவன் வந்ததும் கதையே அவனுடையதாகிவிட்டது. பிறகு அவளுக்குப் புத்தி பேதலித்ததாக எழுதினேன். மூன்றையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் இத்தனை வருஷமாக நம் முதுகுக்குப் பின்னால் பேசியதைத்தான் நான் நல்ல தமிழில் எழுதியிருந்தேன்.

அதனால் அம்மாவையே கேட்க நேரில் போனேன். விலாசம் பெரியம்மாவிடம் எப்போதும் இருந்திருக்கிறது. நாம்தான் கேட்டதில்லை. ஒரு பெரிய லாட்ஜின் பின்பக்கம், சலவை அறையில் வேலை. உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடிக்கிறது. அம்மா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அழவில்லை. "பிடி" என்று ஒரு படுக்கை விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். இருவரும் மடித்தோம். மடிப்புக்கு ஒரு தடவை கிட்டே வந்து, திரும்ப விலகிப் போனோம்.

ஏன் போனாய் என்று கேட்டேன். அவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

"தூங்கணும்னு தோணுச்சு" என்றாள்.

தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. நீ கைக்குழந்தை. ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லையாம். சிநேகிதி வீட்டில் ரெண்டு நாள் தூங்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறாள். ரெண்டு நாள் ஒரு வாரமாகியிருக்கிறது.

"அப்புறம் எந்த முகத்த வச்சுக்கிட்டு வர்றது? ஒரு தடவ தெருமுனை வரைக்கும் வந்தேன். உங்கப்பா வாசல்ல வச்சு உனக்குத் தலை வாரிக்கிட்டிருந்தாரு. கோணல் வகிடுதான். ஆனாலும் வாரிட்டாரு. திரும்பிட்டேன்."

தம்பி, போனதற்குத்தான் நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். வராததற்கு வேறு காரணம் இருக்கும், அது நாளுக்கு நாள் வளரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்காதே. தெரியாது. கோபப்பட முயன்றேன், அதற்கும் தெம்பு வரவில்லை.

அவள் சொன்னபடியே திருத்தி எழுதிக் கொடுத்தேன். தூங்குவதற்காக ஒரு தாய் பிள்ளைகளை விட்டுப் போவாளா, வாசகர்கள் நம்பமாட்டார்கள், அந்தத் தையல்காரனையே திரும்பக் கொண்டுவாருங்கள் என்றார் ஆசிரியர். மாட்டேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆகவே கதை வரவில்லை. நம் மானம் பத்திரமாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு இப்போது எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஏன் போனாய் என்று மகளாகக் கேட்க இத்தனை வருஷம் எனக்கு வாய் வரவில்லை. கதைக்குத் தேவை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் அந்தப் படியேறினேன். அது வெறும் சாக்கு. நான் எழுதுவதெல்லாமே இப்படி ஒரு சாக்குத்தானோ என்னவோ.

உன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வெளியே வந்து கேட்டைத் தாண்டும்போது, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி பின்னாலேயே ஓடி வந்தாள். "அவனுக்கு இடது காது வலிக்குமே, ராத்திரியெல்லாம் அழுவானே, இப்பவும் வருதா?" என்று கேட்டாள். உனக்குக் காதுவலி வந்ததே எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ அவளைப் பார்க்க வர வேண்டாம், பேசவும் வேண்டாம். அந்த ஒன்றுக்கு மட்டும் இரண்டு வரி எழுதிப் போடு. நானே கொண்டுபோய்ச் சொல்கிறேன். எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா