கல்லில் பெயர் உள்ள அனைவரும் நலம்

அன்பு மகள் ஜாஸ்மிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் மிச்சமிருக்கிற இரண்டு கோழிகளும் சுகம், அங்கே நீயும் மருமகனும் பிள்ளை அபிதாவும் அந்தக் குளிரில் மூக்கு ஒழுகாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன்னோடு பேச எனக்கு எங்கே வாய்க்கிறது மக்களே, நான் ஹலோ என்பதற்குள் உன் அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு ஊர் நியாயம் பேச ஆரம்பித்துவிடுகிறார். வாட்சப்பில் எழுதலாம் என்றால் நான் பத்து வரி எழுத நீ ஒரு கட்டைவிரலைக் காட்டுகிறாய். பெற்ற தாய்க்குக் கட்டைவிரலா? அதனால்தான் பக்கத்து வீட்டு பெபிஷா லீவு முடிந்து அயர்லாந்துக்குக் கிளம்புகிறாள் என்றதும் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு இதையும் அவள் பெட்டியில் வைக்கச் சொன்னேன். முந்திரிக்கொத்து நாளாக ஆகக் கல்லாகிவிடும், முதலில் அதைத் தின்றுவிட்டு அப்புறம் படி.

நான் கவுன்சிலராகி நாலு வருஷம் ஆகிறது, ஆனால் ஊருக்குக் கவுன்சிலர் என்றால் உன் அப்பாதான் என்பது உனக்குத் தெரிந்த கதை. வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது, ஓட்டுக் கேட்டு வெயிலில் அலைந்தது நான், ஜெயித்தது நான், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி அவருக்கு. போன் வந்தால், கவுன்சிலர் இருக்காரா என்கிறார்கள். நாந்தான் பேசுறேன் என்றால், சரி அக்கா, கவுன்சிலர்ட்ட குடுங்க என்கிறார்கள். உன் அப்பாவும் வேண்டாம் என்று சொல்கிற ஆளா என்ன? முப்பது வருஷம் கண்டக்டர் என்று கூப்பிட்டார்கள், இப்போது கவுன்சிலர் என்று கூப்பிடுகிறார்கள், இரண்டும் ஒரே எழுத்தில்தானே ஆரம்பிக்குது பிள்ளே என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்ம மார்க்கெட்டில் மீன் விற்கிற செசிலியை உனக்கு ஞாபகம் இருக்கும், இனயம் கடற்கரையிலிருந்து விடியுமுன் கூடையோடு வருகிறவள், நெத்திலி வாங்கினால் கேட்காமலே ஒரு கை கூடப் போடுவாள். அந்த மார்க்கெட்டில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கிடையாது. சாயங்காலம் வீடு போய்ச் சேருகிறவரை போக்கிடம் இல்லை என்பதால் அத்தனை பேரும் பகல் முழுக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. போன வருஷம் செசிலி மீன் கூடை மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சிறுநீரகத்தில் கல், அதோடு சீழ். பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரு தண்ணி குடி தண்ணி குடின்னு சொல்லுகாரு பிள்ளே, குடிச்சிட்டு நான் எங்க போவேன், நடுரோட்டுலயா இருப்பேன் என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், எலி வளையானாலும் தனி வளை வேண்டும், இந்தப் பதவியால் இது ஒன்றாவது நடக்கட்டும் என்று.

பேரூராட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். நம்ம தலைவர் தாணுலிங்கம் இருக்கிறாரே, அவர் என்னை ஒரு தடவையும் தங்கபாய் என்று கூப்பிட்டதில்லை. பெண்குலத்தின் பெருமை அவர்களே, உங்கள் தாயுள்ளத்தை இந்த மன்றம் வணங்குகிறது, கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் ஏமாந்து வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். அப்புறம் போகப் போகத்தான் புரிந்தது, தாயுள்ளம் என்றால் வாயை மூடு என்று அர்த்தம், வணங்குகிறது என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம். ஒரு தடவை என்னை வீரத்தின் விளைநிலம் என்றார், அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த மனுவையே காணவில்லை. சவம் போகட்டும் என்று நானும் விட்டுவிடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கழிப்பறை கழிப்பறை என்று கத்திக் கத்தி, என் வாய்க்குப் பயந்தே கட்டினார்கள். டைல்ஸ் போட்டு, குழாய் வைத்து, மூன்று கதவோடு லட்சணமாக இருந்தது.

கட்டி முடித்ததும் பூட்டினார்கள். கல்வெட்டு வைக்காமல் எப்படித் திறப்பது? கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் கீழே, யாருக்குத் தலைமை, யாருக்கு முன்னிலை என்று அடிதடி. துணைத் தலைவருக்கு வரவேற்புரை என்று போட்டதும் நான் என்ன வாசலில் நிற்கிற ஆளா என்று குதித்தார். மாசக்கணக்கில் கட்டிடம் பூட்டிக் கிடக்க, செசிலி தினமும், எப்பம் திறப்பிய பிள்ளே என்று கேட்க, எனக்கு மார்க்கெட் பக்கம் போகவே வெட்கமாகிவிட்டது. கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார், தலைமையும் வேண்டாம் முன்னிலையும் வேண்டாம், வெறும் பெயர்கள், எல்லாம் ஒரே அளவு, கீழே தேதி. பதினோரு ஆண்பிள்ளைகள் பெயர். என் பெயர் எங்கே என்றேன். உங்க வீட்டுல இருந்து ஒரு பேரு போதும்லா அக்கா என்று, கவுன்சிலர் ரசலையன் அவர்கள் என்று உன் அப்பாவைப் போட்டார்கள். அவர் அதைப் போட்டோ எடுத்து உனக்கும் அனுப்பினாரே, அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அவருக்குப் பாலில்லாத கட்டன் சாயா மட்டும்தான் கொடுத்தேன்.

சரி, பெயர் கிடக்கட்டும், மேலே பெண்கள் கழிப்பறை என்று எழுத வேண்டாமா? தலைவர் சம்மதிக்கவில்லை. எனக்க பேருக்கு மேல கழிப்பறைன்னு எழுதி வச்சா நாளப் பின்ன எவன் என்னை மதிப்பான் என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். கல் வெட்டியது நம்ம தங்கையன், அவனுக்குத் தொழில் கல்லறைக் கல். பளபள என்று கறுப்புக் கல்லில், வெறுமையாக இருந்த இடத்தில் கைப்பழக்கத்தில் ஒரு எரிகிற விளக்கை வெட்டி, சுற்றிலும் பூ வெட்டிக் கொடுத்துவிட்டான். திறப்பு விழாவுக்கு ரிப்பன், சால்வை, கேசரி எல்லாம் உண்டு. தாய்மையைப் பற்றியும் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றியும் மதியம்வரை பேசினார்கள், ஒருத்தன் வாயிலும் கழிப்பறை என்ற சொல் வரவில்லை. பேசி முடித்து, பராமரிப்புக் குழு அமைக்கிறவரை என்று மறுபடியும் பூட்டி, சாவியைத் தலைவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். செசிலி கேசரி இலையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பு அருவியில் குளிக்கப் போகிற ஒரு வேன் மார்க்கெட்டில் நின்றது. மதுரைப் பக்கத்து ஆட்கள். இறங்கி வந்து கல்லைப் பார்த்தார்கள், விளக்கு, பூ, பதினோரு பெயர், ஒரே தேதி. ஐயோ பாவம், பதினோரு பேரும் ஒரே நாள்லயா, பஸ்ஸு கவுந்திருச்சா என்று ஒரு அம்மாள் கேட்டாள். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, எதிர்க் கடையில் மெழுகுதிரி வாங்கி ஏற்றிவைத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரன் வியாபாரம் கெடுமே என்று வாயைத் திறக்கவில்லை. மெழுகுதிரியைப் பார்த்தவர்கள் பூ வைத்தார்கள், பூவைப் பார்த்தவர்கள் மாலை போட்டார்கள், யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்துக் கண்ணீர் அஞ்சலி என்று வாட்சப்பில் போட்டுவிட்டான். போதாதா? உன் அப்பாவின் தங்கை மார்த்தாண்டத்து மாமி, அண்ணன் மேல் உயிரையே வைத்திருக்கிறவள், ஆட்டோவில் அலறிக்கொண்டு வந்து இறங்கினாள். கதவைத் திறந்ததே உன் அப்பாதான். அவர் மேலேயே சாய்ந்துகொண்டு, என்னை விட்டுட்டுப் போயிட்டியே அண்ணா என்று அவரிடமே அவருக்காக அழுதாள். இவரும், அழாத மக்களே, எல்லாருக்கும் ஒரு நாள் உண்டும்லா என்று அவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்! கூத்தைப் பார்.

அதைவிடக் கூத்து போன். அக்கா, கவுன்சிலர் போயிட்டாராமே, இனி அவருக்க பதவி உங்களுக்குத்தானாமே, எங்க தெருவுல லைட்டு எரியல்ல என்று ஒருத்தன். கல்லில் பெயர் உள்ளவர்கள் எல்லாம் இறந்தவர்கள், பெயர் இல்லாத நான் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறேன் என்று நாலு வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் நேராகக் குறை சொன்னார்கள். அவர்கள் குழாய் என்றால் குழாய், ஓடை என்றால் ஓடை என்று நான் எழுதிக்கொண்டேன். உன் அப்பா ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டு சுவரோரமாக இருந்தார். அப்புறம் மெதுவாக, ஏட்டி, நான் செத்தாத்தான் உனக்கு மரியாதையோ என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நீங்க நூறு வயசு இருங்க, போன் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும் என்றேன். சரி என்று கொடுத்துவிட்டார், அன்றைக்குப் பால் சாயா போட்டுக் கொடுத்தேன்.

தலைவர் வீட்டுக்கு வடசேரியிலிருந்து சம்பந்தி வீட்டார் மலர்வளையத்தோடு வந்துவிட்டார்களாம். அவ்வளவுதான், மனுஷன் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நம்ம வீட்டு நடையில் வந்து நிற்கிறார். பெருமையும் இல்லை, விளைநிலமும் இல்லை. தங்கபாய், உனக்குப் புண்ணியமாப் போகும் தங்கச்சி, நாலு பொம்பளையளக் கூட்டிட்டுப் போய் உள்ள விடும்மா, அது கக்கூசுன்னு ஊருக்குத் தெரியட்டும் என்று சாவியை எடுத்து நீட்டினார். அவர் தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன் மக்களே. முதலில் பெயரை எழுதுங்க, அப்புறம் ஆள் போகும் என்றேன். கல்லில் இடமில்லாததால் கதவுக்கு மேலே ஆள் உயர எழுத்தில் பெண்கள் கழிப்பறை என்று பெயிண்டில் எழுதினார்கள். அதற்குக் கீழே, கல்லில் பெயர் உள்ள அனைவரும் நலம் என்று தலைவர் தானே நின்று எழுத வைத்தார். பூட்டை நான்தான் திறந்தேன்.

முதலில் உள்ளே போனது செசிலி. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரிடமும் ஒன்றும் பேசாமல் நேராகச் சர்பத் கடைக்குப் போனாள், உச்சி வெயிலில் ஒரு போஞ்சி சர்பத் வாங்கி நின்ற நிலையில் ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு, இன்னும் ஒண்ணு கலக்கு, எலுமிச்சம்பழத்த நல்லாப் பிழிஞ்சு விடு என்றாள். மீன்காரப் பெண்கள் எல்லாரும் கூடைகளைப் போட்டுவிட்டு அந்தக் கடையை மொய்த்துவிட்டார்கள். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு நடுமார்க்கெட்டில் பைத்தியக்காரி மாதிரி அழுதேன்.

நீ போன மாசம் சொன்னாயே, டியூட்டியில் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்கவே நேரமில்லை, பெரிய நர்ஸ் இன்னும் கொஞ்ச நேரம் பாரு டியர் என்பாள், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்று. அன்றைக்கு நான் சும்மா உம் கொட்டிவிட்டேன், இப்போது அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. டியரும் வேண்டாம் கியரும் வேண்டாம், உனக்கு வரும்போது எழுந்து போ. யாருக்காகவும் அடக்காதே. ஆண்டவர் உன்னையும் மருமகனையும் பிள்ளையையும் தம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அபிதாவுக்கு என் முத்தம். தண்ணீர் குடி மக்களே.

உன்னைப் பெற்றவள்,
தங்கபாய்