ரெண்டு தரத்துக்குப் பிறகு ஒரு விசில்

நவம்பர் 2, ஞாயிறு, காலை ஏழே கால். கோயில் கூடையில் ஏழு மீன். கேட்பவர் யாரும் இல்லை.

மச்சி, இதைக் கவிழ்த்துப்போட்ட உன் படகு நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரலில் எபாக்ஸி பசை வாடை இன்னும் போகவில்லை. படகில் விரிசல் விட்டால் எனக்குத்தான் போன் போடுவாய். நான் ஆதம்பாக்கத்திலிருந்து பசையோடு ஓடி வரணும். "இன்ஜினீயருக்குப் படிச்சது எதுக்கு, வந்து ஒட்றா" என்பாய்.

வாரம் படகுக்கு ஒரு மீன் நம் மாதா கோயிலுக்கு. அது பழக்கம், யாரும் முணுமுணுத்ததில்லை. கடலுக்கே போகாத வாரத்துக்கும் கோயில் கமிட்டி மீன் கேட்டபோதுதான் நம் குப்பம் சண்டைக்குக் கிளம்பியது. நீதான் தடுத்தாய். "மீனைக் குடுத்துடுவோம், அது சாமிக்கு. அத்த காசாக்கும்போது மட்டும் ஒருத்தனும் வாயத் தொறக்காதீங்க."

ஞாயிறு பூசை முடிந்ததும் கமிட்டி ஆள் கூடையை மணலில் வைத்து ஏலம் கூவுவார். ஒரு தரம். ரெண்டு தரம். அந்த இடைவெளியில் நீ இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடிப்பாய். மொத்தக் குப்பமும் முதுகைக் காட்டித் திரும்பும். கே.கே. நகர் வியாபாரிகூட அத்தனை முதுகையும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த மீனைக் காக்காய்கூடத் தொடாது என்று ஒரு பேச்சு. பொய். தின்றது, நான் பார்த்தேன்.

ஜூனில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. கமிட்டிக்காரர்கள் புதைக்க இடம் கொடுத்தார்கள், சிலுவை நட விடவில்லை. உன் வீட்டு ஆள் ஏலத்தில் ஒரே ஒரு மீன் எடுக்கட்டும், மறுநாளே நட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஒருத்தர் எடுத்தால் எல்லாம் முடிந்தது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஆனால் நீ போன பிறகும் விசில் வருகிறது. ரெண்டு தரம் என்றதும், யார் வாயிலும் விரல் இல்லாமலே, உன் படகுப் பக்கமிருந்து. குப்பத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. திரும்பி நிற்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இந்த ஆவிக் கதையெல்லாம் ஆகாது. படகின் பின்பக்கம் தண்ணீர் வடியும் துளை இருக்கிறது, அதில் கடல் காற்று ஊதுகிறது. காலி பாட்டிலில் ஊதினால் வருமே, அதே சத்தம். கணக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் ஸ்டெல்லா கூப்பிட்டாள். "கல்லறைத் திருநாளைக்கு எல்லாரும் அவங்கவங்க ஆளுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. எம் புருஷனுக்கு நான் எங்க ஏத்துறதுண்ணே, வெறும் மண்ணுலயா?" தன்னால் வாய் திறக்க முடியாதாம். அவளுக்காக நான் ஏலம் கேட்க வேண்டுமாம். சரி என்றேன். செத்தவனுக்கு எதற்குடா வீம்பு என்றுதான் தோன்றியது. கோபப்படாதே.

இன்று விடிந்ததும் முதல் வேலையாகப் பசை வைத்துத் துளையை அடைத்தேன். பூசை முடிவதற்குள் கல்லாக இறுகிவிட்டது. நகத்தால் குத்திப் பார்த்தேன். காற்றும் இல்லை, காயப்போட்ட வலைகூட அசையவில்லை.

ஒரு தரம் என்றார். ஸ்டெல்லா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு தரம். நான் வாயைத் திறந்தேன்.

விசில் வந்தது. படகிலிருந்து இல்லை. என் காதை ஒட்டி, எச்சில் ஈரத்தோடு, முடிவில் நீ கொஞ்சம் இழுப்பாயே, அந்த இழுப்போடு.

எல்லோரும் திரும்பினார்கள். சட்டையை விட்டுவிட்டு ஸ்டெல்லாவும் திரும்பினாள். "இங்கதான் கீறாருண்ணே. வுடு, சிலுவைய நம்மளே பாத்துக்கலாம்."

கடைசியாகத் திரும்பியவன் நான். கன்னத்தைத் துடைத்தால் ஈரம். வியர்வை என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. துளையில் வைத்த பசையைச் சுரண்டி எடுக்கணும்.

2. இரும்புக் குழாய் வெட்டி ஒரு சிலுவை வெல்டிங் பண்ணணும். கல்லறையில் விடாவிட்டால் உன் படகு ஓரம் மணலில் நடணும். இருட்டுவதற்குள். மெழுகுவர்த்தி ஏற்ற ஸ்டெல்லாவுக்கு ஓர் இடம் வேண்டும்.

3. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இனித் தேடக் கூடாது.

4. விசில் அடிக்கப் பழகணும். நீ எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. ஏதோ ஒரு ஞாயிறு நீ வராமல் போவாய்.